பரணில் இருந்த ஸ்டவ்

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, வக்கீலம்மா. நான் ஏழாவதோடு நின்றவள். முன்னே பின்னே சொன்னால் கோபப்படக் கூடாது. பேனாவை இப்போது கையில் எடுக்காதீர்கள். பேனாவைப் பார்த்தால் எனக்கு நாக்கு உலர்ந்துவிடும். முதலில் சும்மா கேளுங்கள். எதை எழுத வேண்டும், எதை எழுத வேண்டாம் என்று நானே சொல்கிறேன்.

அந்தக் கதவை முழுசாகச் சாத்த வேண்டாம். கொஞ்சம் திறந்திருக்கட்டும். அப்படி இருந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

என் பெயர் சண்முகக்கனி. பெரியாஸ்பத்திரித் தீக்காய வார்டில் எல்லோருக்கும் கனியக்கா. நான் நர்ஸ் இல்லை, ஆயாவும் இல்லை. தீயில் வெந்து பிழைத்தவர்களை வைத்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். அந்தச் சங்கம்தான் ஆறு வருஷமாக என்னை அங்கே உட்கார்த்தி வைத்திருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்குத் துணையாக இருக்க வேண்டும். அதுதான் வேலை. அதற்குப் படிப்பு கேட்கமாட்டார்கள். இந்தக் கழுத்துதான் சர்ட்டிபிகேட். பாருங்கள், பரவாயில்லை. எல்லோரும் பார்ப்பார்கள்.

ஒருத்தி வார்டுக்கு வந்ததும் நான் செய்கிற முதல் வேலை அவள் தலையணையைப் பிடுங்குவது. கழுத்து வெந்தவளுக்குத் தலையணை வைத்தால் தாடை நெஞ்சோடு ஒட்டி ஆறிவிடும். எனக்கு என் அம்மா பாசத்தில் வைத்தாள். பழைய சேலைகளைத் திணித்துத் தைத்தது, மெத்தென்று இருக்கும். அதனால் இரண்டு வருஷம் நான் தரையைப் பார்த்தே நடந்தேன். எதிரே வருகிற ஆளைக் காலை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். அப்புறம் ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார்கள். இதெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? "வெந்து கெடக்கவ தலைமாட்டுல கைய வைக்காளே, இவளும் ஒரு பொம்பளையா?" என்று திட்டுவார்கள். நான் சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டுவேன். அதோடு பேச்சு நின்றுவிடும்.

அப்புறம் ஐஸ் குச்சி. வாய் சுருங்கிப்போகாமல் இருக்கக் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைக்க வேண்டும். முதல் நாள் நாலு, மறுநாள் ஐந்து. உயிர் போகிற மாதிரி வலிக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதே மாதிரி வாயைத் திறந்து 'ஆ' என்பேன். ஒரு பைத்தியக்காரி திறந்தால் இன்னொரு பைத்தியக்காரியும் திறப்பாள். ரெஜினா சிஸ்டர் சிரிப்பார்கள். ரெஜினா சிஸ்டர்தான் வார்டுக்குப் பெரிய நர்ஸ். நான் வெந்து கிடந்தபோதும் அங்கே இருந்தவர்கள்.

வலி கொஞ்சம் குறைந்ததும் எல்லோரும் ஒன்று கேட்பார்கள். "ஒங்களுக்கு எப்படிக்கா ஆச்சு?"

"ஸ்டவ் வெடிச்சிட்டு" என்பேன்.

பத்தொன்பது வருஷமாக அதைத்தான் சொல்லி வருகிறேன். அன்றைக்கு மாஜிஸ்திரேட் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். எழுதி முடித்துக் கைநாட்டு வாங்கக் குனிந்தவர், இரண்டு கையும் கட்டுக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கால் பெருவிரலில் மை தடவி உருட்டினார். கூச்சமாக இருந்தது. அத்தனை வலியிலும் சிரிப்பு வந்தது. மகனுக்கு அப்போது மூன்று வயசு. என் வீட்டுக்காரர் அவனைத் தோளில் வைத்துக்கொண்டு வார்டு வாசலில் நின்றார்.

அவரைப் பற்றி நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. குடிக்கமாட்டார். லேத் பட்டறையில் வேலை. சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். தீயை அணைத்து என்னைச் சாக்கில் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதே அவர்தான். ஊரே சொல்லும். நான்தான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. அடுப்படியில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருப்பேன். நைலான் சேலை கட்டமாட்டேன். அடுப்படிக் கதவின் தாழ்ப்பாளை என் கையாலேயே கழற்றி எறிந்துவிட்டேன். வீட்டில் தீப்பெட்டி கிடையாது, லைட்டர்தான். சின்ன வயசில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய கை, அந்த மருந்து வாடை எனக்கு ஆகாது. சமைக்கும்போது அவர் பின்னால் வந்து நின்றால் திரும்பி நின்றுகொள்வேன். அவருக்கு முதுகைக் காட்டிக் கரண்டி பிடித்ததில்லை. எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு பழக்கம் இருக்கத்தானே செய்யும்?

இதெல்லாம் எழுத வேண்டாம்.

வேணிக்கு வருகிறேன். தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் கொண்டுவந்தார்கள். இருபத்து மூன்று வயசு. வாயைச் சுற்றி, கழுத்து, நெஞ்சு, இரண்டு கை. பட்டாசாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தீபாவளிக்கு அப்புறம் வார்டு நிறைந்துதான் இருக்கும். துணியை வெட்டி எடுக்கும்போது ரெஜினா சிஸ்டர், "பெட்ரோல் வாடை அடிக்கே, கனி?" என்றார்கள். என் மூக்கு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். ஜலதோஷமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

புருஷன் அருள்குமார். செல்போன் கடை வைத்திருக்கிறான். மரியாதையான பையன், வக்கீலம்மா. சத்தமாகப் பேசமாட்டான். அவன் அம்மா கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து மருமகளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். தலையணையைப் பிடுங்கியதற்கு என்னைத் திட்டாத ஒரே மாமியார் அவள்தான். அது எனக்கு அப்போது பெரிய விஷயமாகப் பட்டது. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, இரண்டு வயசு. அருள்குமார் தினமும் சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு வந்து கண்ணாடிக்கு வெளியே நிற்பான். குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டுவான். வேணி அதைப் பார்ப்பாள். அவன் கொஞ்ச நேரம் நிற்பான், போய்விடுவான். அந்த நேரம் நான் ஏதாவது வேலையைச் சாக்கிட்டு உள்ளே போய்விடுவேன். ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

இரண்டாம் நாள் மாமியார் டீ குடிக்கப் போன நேரத்தில் வேணி கேட்டாள்.

"அக்கா, மாஜிஸ்திரேட் வருவாவளாமே. என்னல்லாம் கேப்பாவ?"

"எப்படி ஆச்சுன்னு கேப்பாவ. பயப்படாத. மெதுவாத்தான் கேப்பாவ."

"நீங்க என்ன சொன்னிய?"

"ஸ்டவ் வெடிச்சிட்டுன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எழுதிக்கிட்டுப் போயிட்டாவ."

"அவ்வளவுதானா? ஒண்ணும் ஆகலயா?"

"ஒண்ணும் ஆகல. வீட்டுக்குப் போனேன், பிள்ளைய வளத்தேன்."

அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். தைரியம் சொல்லிவிட்டோம் என்று எனக்குத் திருப்தி. சங்கத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், உங்களைப் பார்த்து அவர்களுக்குத் தைரியம் வரும் என்று.

மறுநாள் மாஜிஸ்திரேட் வந்தார். எங்களை எல்லாம் வெளியே அனுப்பினார்கள். திரும்பி உள்ளே போனபோது வேணியின் கால் பெருவிரலில் மை இருந்தது. நான்தான் ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன்.

"என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னதத்தான்க்கா" என்றாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் போலீஸ் வந்து நின்றாள். "ஏம்மா, ஒங்க வீட்டுல கேஸ் அடுப்பு மட்டும்தானே இருக்கு? எந்த ஸ்டவ் வெடிச்சுது?"

வேணி என்னைப் பார்த்தாள். அடுத்த வரி என்ன என்று வாத்தியாரைப் பார்க்கிற பிள்ளை மாதிரி பார்த்தாள்.

"மண்ணெண்ண ஸ்டவ்" என்றாள்.

"இந்தக் காலத்துல மண்ணெண்ண ஸ்டவ்வா? எங்க அது?"

"வீட்டுல எங்கயாவது கெடக்கும்."

"சரி, வந்து பாக்கோம்" என்று போய்விட்டாள்.

என் காலத்தில் எல்லார் வீட்டிலும் ஸ்டவ் இருந்தது, வக்கீலம்மா. அதனால் யாரும் கேட்கவில்லை. இந்தப் பிள்ளையின் வீட்டில் இருக்கிறதா இல்லையா என்று நான் யோசித்தேனா? என் பொய்யை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டேன். பொய் என்றா சொன்னேன்? இல்லை, பேச்சு என்று சொல்ல வந்தேன். சரி, இருக்கட்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் பஸ்ஸுக்கு நின்றபோது அருள்குமார் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். கையில் மாதுளம்பழப் பை.

"அக்கா, நீங்க எங்களுக்குச் சாமி மாதிரி."

"அதெல்லாம் வேண்டாம் தம்பி."

"பிடிங்கக்கா. ஒரு விஷயம் கேக்கணும்." குரலைத் தணித்தான். "பழைய பம்ப் ஸ்டவ் எங்கக்கா கெடைக்கும்?"

ஒரு ஆம்பிளை என் பக்கத்தில் குனிந்து மெதுவாக ஒன்று கேட்டால் என் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். யோசித்துச் சொல்லத் தெரியாது.

"எங்க வீட்டுப் பரண்ல ஒண்ணு கெடக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் பை கையிலிருந்து நழுவியது. மாதுளம்பழம் ஒன்று உருண்டு ஓடியது. அவனே ஓடிப் போய் எடுத்துக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். கோவில்பட்டிக்கு அந்தப்பக்கம் எங்கள் ஊர். விசாரித்து வந்திருக்கிறான். என் வீட்டுக்காரர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஸ்டவ் ஒண்ணு இருக்குன்னு அக்கா சொன்னாவ."

இவர் என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவே இல்லை. "உக்காருங்க தம்பி. ஏட்டி, தம்பிக்குக் காப்பி போடு" என்று சொல்லிவிட்டு ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினார்.

நான் அடுப்படியில் இருந்தேன். இரண்டு பேரும் பேசியதெல்லாம் கேட்டது. பழைய வேட்டியால் துடைக்கிற சத்தம். அப்புறம் பம்ப் அடிக்கிற சத்தம்.

"பித்தளை தம்பி. இந்த மாதிரிச் சாமான் இனிமே வராது. பாத்தேரா, காத்து நிக்கி."

"எரியுமா அண்ணாச்சி?"

"எரியுமாவா? அது எரியும். ஒமக்கு எரியக் கூடாதுல்லா!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமன் மச்சான் சிரிக்கிற மாதிரி சிரித்தார்கள்.

"இப்படியே கொண்டு வச்சா எவனும் நம்ப மாட்டான். வெளிப்பக்கமாப் பிதுங்கின மாதிரி இருக்கணும். வெளிய இருந்து அடிச்சா உள்ள போயிரும், சின்னப்பிள்ள பாத்தாக்கூடத் தெரியும். எதுக்கு வம்பு? இதக் குடுத்துட்டு, ஏற்கெனவே வெடிச்சதா ஒண்ணு பழைய இரும்புக் கடைல கேட்டு வாங்கும். நான் அப்படித்தான்..."

அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அணைக்கவில்லை.

"காப்பி என்னாச்சு?" என்றார்.

கொண்டுபோய் வைத்தேன். டம்ளர் தட்டில் கடகடவென்று அடித்தது.

"அக்காவுக்குக் கை நடுங்குதே?"

"அவளுக்கு அப்பப்ப அப்படித்தான் தம்பி. நரம்புத் தளர்ச்சி" என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அருள்குமார் ஸ்டவ்வைச் சாக்கில் கட்டிப் பைக்கில் வைத்துக்கொண்டு போனான். இரும்புக்கடைக்கு அலைய அவனுக்குச் சோம்பலோ என்னவோ, அதையே ஒரு தட்டுத் தட்டி வைத்திருக்கிறான். அது பின்னால் தெரிந்தது.

திங்கட்கிழமை வேணிக்குக் குச்சி வைக்கிற நேரம். எட்டுக் குச்சி. வலி தெரியாமல் இருக்க நான் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பேன். அன்றைக்கு மனசில் வேறு எதுவும் இல்லை, அதனால் அதுதான் வந்தது.

"ஒன் வீட்டுக்காரரு நேத்து வந்து எங்க ஸ்டவ்வ வாங்கிட்டுப் போனாரு, வேணி. போலீசுக்குக் காட்டணும்லா. நல்ல ஸ்டவ். குடுக்க எனக்கு மனசே இல்ல. ஆஸ்பத்திரியில இருந்து போன பெறகு ஆறு வருசம் அதுலதான் சமைச்சேன். ஒரு நாள் மக்கர் பண்ணினது கிடையாது."

வேணி வாயிலிருந்து குச்சிகளை நாக்கால் தள்ளினாள். அவை நெஞ்சில் சிதறின.

"ஒங்க வீட்டுல எத்தன ஸ்டவ்க்கா இருந்துச்சு?"

"ஒண்ணுதான்."

"வெடிச்ச ஸ்டவ்லயாக்கா சமைச்சிய?"

வக்கீலம்மா, கும்பிட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் அது எனக்குத் தோன்றவில்லை. ஆறு வருஷம் அந்த ஸ்டவ்வைப் பற்றவைத்திருக்கிறேன். வாஷர் மாற்றியிருக்கிறேன், புளி போட்டுத் துலக்கியிருக்கிறேன். ஒரு நாள்கூட 'இது வெடித்ததாயிற்றே' என்று நினைக்கவில்லை. நான் வெந்தபோது போலீஸ் எடுத்துப்போன ஸ்டவ் எது, வீட்டில் இருப்பது எது என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்றுதான் கேட்காமல் இருந்தேனோ என்னவோ.

வேணி சிரிக்க ஆரம்பித்தாள். உதடு வெடித்து ரத்தம் வந்தது. "சிரிக்காதட்டி, புண்ணு பிளந்துரும்" என்று சொல்லிவிட்டு நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தோம் என்று இப்போதும் தெரியவில்லை. அப்புறம் அவள் அழுதாள். அழுதால் கன்னத்து உப்பு புண்ணில் எரியும். பஞ்சால் ஒற்றிக்கொண்டே இருந்தேன்.

"அக்கா, அவரு பைக்குல இருந்து பெட்ரோல பாட்டில்ல பிடிச்சாரு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். வண்டியத் தொடைக்கப் போறாருன்னு நெனச்சேன்" என்றாள்.

"மெதுவாப் பேசு."

"ஒங்களுக்கு யாருக்கா? ஒங்க வீட்டுக்காரரா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஸ்டவ் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான்.

"நான் உண்மையச் சொல்லணும்க்கா. மாஜிஸ்திரேட்டக் கூப்பிடச் சொல்லுங்க. இன்னைக்கே."

அப்போதுதான், வக்கீலம்மா, எனக்கு ஒரு புத்தி வந்தது. நான் வெந்ததில் யாருக்காவது ஒரு பிரயோஜனம் உண்டென்றால் அது ஒன்றுதான். அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "இன்னைக்கு இல்ல. நான் ஏன் வாயத் தெறக்கல தெரியுமா? பிள்ள அவரு தோள்ல இருந்தான். மொதல்ல பிள்ளய அங்கேருந்து எடு. அப்புறம் வாயத் தெற."

அவளுடைய அக்கா சங்கரன்கோவிலில் இருக்கிறாள். ரெஜினா சிஸ்டர் போன் பண்ணி வரவழைத்தார்கள். அந்த அக்கா நல்ல கெட்டிக்காரி. மாமியாரிடம் போய், "அத்தை, அம்மாவ இந்தக் கோலத்துல பாத்துப் பாத்துப் பிள்ள ராத்திரி முழுக்க அலறுதுன்னியளே, பத்து நாள் எங்க வீட்டுல இருக்கட்டும். நீங்களும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் எத்தன நாள்தான் அலைவிய?" என்று உருகினாள். மாமியாரே குழந்தைக்குப் பால் பாட்டில், சட்டை எல்லாம் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டாள். குழந்தை சங்கரன்கோவிலில் பஸ் இறங்கிவிட்டது என்று போன் வந்த மறுநாள் மாஜிஸ்திரேட் வந்தார்.

இந்தத் தடவை என்னை வெளியே அனுப்பும்போது வேணி என்னைப் பார்க்கவில்லை. யாரிடமும் அடுத்த வரி கேட்கவில்லை.

அருள்குமாரைக் கடையில் வைத்தே பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் அடுப்படியில் உள்பக்கமாக நெளிந்த ஸ்டவ் ஒன்று இருந்ததாம். எரிந்த மாதிரி காட்ட அடியில் பூசிய சாம்பல் கையோடு வந்ததாம். எங்கே வாங்கினாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவன் சொல்லாமல் இருப்பானா? எங்கள் ஊர், எங்கள் தெரு, என் வீட்டுக்காரர் பெயர், அவர் சொல்லிக் கொடுத்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

இவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். போனார். மத்தியானம் திரும்பி வந்தார். சாப்பாடு போட்டேன். சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒன்னையும் கூப்பிடுவாவ. கேட்டா என்ன சொல்லுவ?"

"ஸ்டவ்" என்றேன்.

"நல்ல பிள்ள" என்றார்.

அது போன புதன்கிழமை. அடித்தாரா என்று கேட்காதீர்கள். அடிக்கவில்லை. குரல்கூட உயர்த்தவில்லை. நான் சொல்வது உங்களுக்கு அற்பமாக இருக்கும், அதுதான் என் பயமே. வியாழக்கிழமை நான் வார்டிலிருந்து வந்தபோது அடுப்படியில் வாளி இல்லை. "காலத் தட்டுது. கொல்லைல வச்சிட்டேன்" என்றார். நான் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். காலையில் மறுபடியும் கொல்லையில் இருந்தது. வெள்ளிக்கிழமை அடுப்படிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். பட்டறையிலிருந்து புதுசு கொண்டுவந்து நாலு திருகு வைத்து இறுக்கினார். "பூனை வருது" என்றார். எங்கள் தெருவில் பூனை கிடையாது, வக்கீலம்மா. வெளிப்பக்கமாகப் போட்டிருந்தார்.

இதைப் போய் யாரிடம் சொல்வது? வாளியை நகர்த்தினார் என்றா, தாழ்ப்பாள் போட்டார் என்றா? புருஷன் வீட்டு வேலை செய்கிறார், கொடுத்து வைத்தவள் என்பார்கள்.

நேற்றுச் சாயங்காலம் டி.வி. மேல் ஒரு தீப்பெட்டிக் கட்டு இருந்தது. ஒரு பெட்டி இல்லை, முழுக் கட்டு, காகிதம் பிரிக்காமல். பத்தொன்பது வருஷமாக எங்கள் வீட்டுக்குள் வராத சாமான்.

"இது எதுக்கு?" என்றேன்.

"நாளான்னைக்குக் கார்த்திகைல்லா. விளக்கு ஏத்த வேண்டாமா?"

"லைட்டர் இருக்கே."

"விளக்குக்கு லைட்டர் வைப்பாவளா? ஒனக்கு எல்லாமே பயம்" என்று சிரித்தார். சிரித்துவிட்டு என் சேலையைப் பார்த்தார். "கார்த்திகைக்கு ஒனக்கு ஒரு நல்ல சேலை எடுத்திருக்கேன். எப்பப் பாத்தாலும் இந்த நூல் சேலையே கட்டுத" என்றார்.

பையைத் திறந்து காட்டினார். வழுவழுவென்று கத்தரிப்பூக் கலரில் இருந்தது. தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். "நல்லாருக்கு" என்றேன்.

தூங்கவில்லை. காலையில் அவர் பட்டறைக்குப் போகிற வரைக்கும் எப்போதும் போல் இருந்தேன். இட்லி வைத்தேன். சட்னியில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னார். அவர் தெரு முனை திரும்பியதும் கொல்லையிலிருந்து வாளியைக் கொண்டுவந்தேன். கட்டைப் பிரித்து ஒவ்வொரு பெட்டியாக இழுத்துத் திறந்து தண்ணீருக்குள் அமுக்கினேன். நான் தீப்பெட்டி ஆபீசில் வளர்ந்தவள். நனைந்த குச்சியை எத்தனை வெயிலில் காயவைத்தாலும் மருந்து நிற்காது. தண்ணீர் சிவப்பாகிவிட்டது. சேலையையும் அதிலேயே போட்டேன். கேஸ் சிலிண்டரை மூடி ரெகுலேட்டரைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். இதோ, பாருங்கள். எதற்கு எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. ஆதார் அட்டையை மறந்துவிட்டேன். இது வந்திருக்கிறது.

ரெஜினா சிஸ்டர் இன்றைக்கு என்னை வார்டு பக்கத்து அறையில் படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஒருத்தரும் தீப்பெட்டி கொண்டுவர முடியாது, வாசலிலேயே பறித்துவிடுவார்கள். எனக்குத் தலையணையும் வேண்டாம்.

மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அப்பாமேல் உயிரையே வைத்திருக்கிறான். அவனுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்கள், வக்கீலம்மா. நான் சொன்னால் தப்பாகச் சொல்லிவிடுவேன். அழுதுவிடுவேன். அப்புறம் அவன் அழுவான், நான் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

வேணி இன்றைக்குப் பதினொரு குச்சி வைத்துக்கொண்டாள். நான் இங்கே வருகிறேன் என்று சொன்னபோது குச்சியை எடுத்துவிட்டு, "மாஜிஸ்திரேட்டு மெதுவாத்தான் கேப்பாவ அக்கா, பயப்படாதிய" என்றாள். நான் அவளுக்குச் சொன்னதை எனக்கே சொல்கிறாள், கழுதை.

அந்தக் கதவு அப்படியே இருக்கட்டும். இப்போது பேனாவை எடுங்கள். ரொம்ப இல்லை, கொஞ்சம்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

என் வீட்டில் இருந்தது ஒரே ஸ்டவ். அது வெடிக்கவில்லை. நான் அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஸ்டவ்வைப் பற்றவைக்கவே இல்லை. முதுகு நனைந்தது. தண்ணீர் என்று நினைத்துத் திரும்பினேன். அவர் கையில் மண்ணெண்ணெய் டப்பா இருந்தது. குச்சியைக் கிழித்துப் போட்டார். அப்புறம் கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. சாக்கை எடுத்துக்கொண்டு அவர் எப்போது திறந்து வந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் அலறியது தெருவுக்குக் கேட்ட பிறகுதான் வந்தார்.

எழுதியாயிற்றா? ஒரு தடவை படித்துக் காட்டுங்கள்.

சரியாக இருக்கிறது.

மை வேண்டாம். அந்தப் பேனாவையே கொடுங்கள். வெந்து ஒட்டிப்போன இந்த இரண்டு விரலையும் பிரித்துவிட்ட பிறகு நான் மறுபடியும் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டேன்.